கடைசி பெஞ்சில் எழுதிய இரண்டு பக்கம்

வாசகர் கேள்வி – பதில்

கேள்வி: நான் பி.எட். இரண்டாம் ஆண்டு, கணக்கு. டீச்சிங் பிராக்டிஸுக்குச் செக்கானூரணிப் பக்கம் ஒரு பள்ளியில் போட்டிருக்கிறார்கள். போன வாரம் ஆறாம் வகுப்புக்கு வேற்றினப் பின்னங்களை, அதாவது கீழே இருக்கும் எண் வேறு வேறாக உள்ள பின்னங்களை, கூட்டுவது பற்றிப் பாடம் எடுத்தேன். இரண்டு ராத்திரி உட்கார்ந்து லெசன் பிளான் எழுதி, சார்ட் வரைந்து, கலர் சாக்பீஸ் எல்லாம் வாங்கிக்கொண்டு போனேன். அந்தப் பள்ளியில் எனக்கு வழிகாட்டும் கைடு டீச்சர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து 40 நிமிடமும் எழுதிக்கொண்டே இருந்தார்கள். எங்கள் கல்லூரி சார் பாதியில் வந்து பார்த்தார். பாடம் முடிந்ததும் அவர், "இப்படி மெதுவாப் பேசினா கிராமத்துப் பிள்ளைக மதிக்காதும்மா, கையில ஒரு குச்சி வச்சுக்க" என்று பிள்ளைகள் முன்னாலேயே சொல்லிவிட்டுப் போய்விட்டார். கைடு டீச்சர் மதியம் ஸ்டாஃப் ரூமுக்குக் கூப்பிட்டு இரண்டு பக்கம் எழுதிய தாளைக் கொடுத்தார்கள். நான் 31 கேள்வி கேட்டேனாம், அதில் 24-க்கு நானே பதில் சொல்லிவிட்டேனாம். போர்டை மறைத்துக்கொண்டு நின்றேனாம். இடது பக்கம் கடைசி இரண்டு பெஞ்சை ஒரு தடவைகூடப் பார்க்கவில்லையாம். 'தன்னம்பிக்கை போதாது', 'ஆர்வமூட்டல் செயற்கை' என்றெல்லாம் எழுதி, கடைசியில் 'மறுபடி யோசித்து எடுக்கவும்' என்று முடித்திருக்கிறார்கள். வேறு பள்ளியில் இருக்கும் என் தோழிக்கு எல்லாக் கட்டத்திலும் 'நன்று' போட்டுக் கையெழுத்தாகிவிட்டது. நான் எம்.எஸ்ஸி.யில் முதல் வகுப்பு. கொரோனா முடிந்து இல்லம் தேடிக் கல்வித் திட்டம் வந்தபோது எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு இரண்டு வருடம் சொல்லிக்கொடுத்தேன், அப்போது எந்தப் பிள்ளையும் புரியவில்லை என்று எழுந்து போனதில்லை. அன்றைக்கு பஸ்ஸில் அழுதுகொண்டே வந்தேன். எனக்கு இந்த வேலை வராதா?
– பெயர் வேண்டாம், திருமங்கலம்

பதில்: வரும் அம்மா. சும்மா ஆறுதலுக்காகச் சொல்லவில்லை, உங்கள் கடிதத்தில் இருக்கிற ஒரு வரியை வைத்துச் சொல்கிறேன். அது எந்த வரி என்று அப்புறம் சொல்கிறேன்.

முதலில் அந்தச் சார் சொன்னதை எடுத்து வெளியே போட்டுவிடலாம். பயிற்சிக்கு வந்த பிள்ளையை, அவள் மறுநாள் போய் நிற்க வேண்டிய அதே வகுப்பின் முன்னால் குறை சொன்னது தப்பு. குச்சி வைத்துக்கொள் என்றது அதைவிடப் பெரிய தப்பு. 2009ஆம் ஆண்டு கல்வி உரிமைச் சட்டத்தின் 17ஆம் பிரிவு பிள்ளையை உடலால் தண்டிப்பதையும் மனதால் வதைப்பதையும் தடை செய்திருக்கிறது. சட்டத்தை விடுங்கள், குச்சிக்குப் பயந்து கை கட்டி உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு மூன்றில் ஒன்றும் ஏறாது, ஆறில் ஒன்றும் ஏறாது. உங்களுக்கு மெல்லிய குரல் என்றால் கடைசி பெஞ்சு வரைக்கும் நடந்து போய்ப் பேசுங்கள், அது போதும். பெரியவர் சொன்னார் என்பதற்காக எல்லாவற்றையும் சுமந்துகொண்டு வீட்டுக்கு வர வேண்டிய அவசியம் இல்லை.

இப்போது கைடு டீச்சர் கொடுத்த தாளுக்கு வருவோம். ஒரு பென்சிலை எடுத்துக்கொண்டு அந்த இரண்டு பக்கத்தையும் மறுபடி படியுங்கள். அவர் கண்ணால் பார்த்து, காதால் கேட்டு எழுதியது எது, அவருக்குத் தோன்றியது எது என்று பிரித்துக் கோடு போடுங்கள். 31 கேள்வி, 24-க்கு நீங்களே பதில், போர்டு மறைந்தது, இடது பக்கம் கடைசி இரண்டு பெஞ்சு, இவையெல்லாம் பார்த்தது. உங்கள் முகம், குணம், படிப்பு எதையும் அது தொடவில்லை. 'தன்னம்பிக்கை போதாது', 'செயற்கை' இரண்டும் தோன்றியது. தோன்றியதைத் தப்பென்று சொல்லவில்லை, ஆனால் அதை வைத்துக்கொண்டு நாளைக் காலையில் நீங்கள் எதையும் மாற்ற முடியாது. "எந்த இடத்துல மேடம் அப்படித் தோணுச்சு?" என்று கேளுங்கள். கோபமாக இல்லை, தெரிந்துகொள்கிற மாதிரி. அனேகமாக அவர் ஒரு இடத்தைச் சொல்வார்: 'நீங்க சார்ட்டைப் பார்த்துத்தான் பேசினீங்க' என்றோ 'கேள்வி கேட்டுட்டுத் தரையைப் பார்த்தீங்க' என்றோ. அதைச் சரி பண்ணலாம்.

40 நிமிடம் ஒருவர் கடைசி பெஞ்சில் உட்கார்ந்து, உங்கள் ஒவ்வொரு கேள்விக்கும் ஒரு கோடு போட்டு எண்ணியிருக்கிறார் பாருங்கள், அது எத்தனை பெரிய உழைப்பு என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் நான் வருடக்கணக்கில் அதைச் செய்திருக்கிறேன், நடுவில் ஒரு நிமிடம் கவனம் சிதறினால் எண்ணிக்கை தவறிவிடும். உங்கள் தோழிக்கு எல்லாக் கட்டத்திலும் 'நன்று' விழுந்ததை நினைத்து ஏங்காதீர்கள். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அவர் அடுத்த பாடத்தில் எதை மாற்றுவார்?

என் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1983, அப்போது பி.எட். ஒரு வருடப் படிப்பு. சோழவந்தான் பக்கம் ஒரு பள்ளியில் ஏழாம் வகுப்புக்கு முக்கோணத்தின் பரப்பளவு எடுத்தேன். நன்றாக எடுத்துவிட்டதாகத்தான் நினைத்தேன், பிள்ளைகள் சத்தமே போடவில்லை. என் கைடு ஒரு வார்த்தை பேசவில்லை. கடைசி வரிசையில் போய் ஒரு பையனின் நோட்டை வாங்கிக்கொண்டு வந்து என் முன்னால் விரித்து வைத்தார். முக்கோணத்தில் பாதி மட்டும் இருந்தது. இடது பக்கச் சாய்கோடு, அடிக்கோடு கொஞ்சம், அதற்கு மேல் வெள்ளைத் தாள். மற்ற பாதியை என் முதுகு மறைத்திருந்தது. அந்தப் பையன் தனக்குத் தெரிந்த அளவுக்கு அப்படியே வரைந்து, அடியில் தேதியும் போட்டு வைத்திருந்தான். அரை மணி நேரம் அவன் அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருக்கிறான், "சார், அங்கிட்டு மறைக்குது" என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம், நான் அதற்கு இடம் கொடுக்கவில்லை. அந்த நோட்டை என்னால் இன்றைக்கு வரைக்கும் மறக்க முடியவில்லை. அன்றிலிருந்து எழுதி முடித்ததும் போர்டைவிட்டு விலகி, ஜன்னல் ஓரமாகப் போய் நின்றுகொள்வேன்.

சரி, அந்த 24 கேள்விக்கு வருகிறேன். அதுதான் உங்கள் தாளில் முக்கியமானது. நாம் ஏன் நம் கேள்விக்கு நாமே பதில் சொல்கிறோம்? பயம்தான். கேள்வி கேட்டதும் வகுப்பு அமைதியாகிறது, பின்னால் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார், அந்த அமைதி நம் தோல்வி மாதிரி நமக்குத் தெரிகிறது, உடனே வாயைத் திறந்து நிரப்பிவிடுகிறோம். உங்களுக்கு மட்டும் வருவதில்லை இது. அமெரிக்காவில் மேரி பட் ரோ என்ற ஆய்வாளர் 1970களில் வகுப்பறைகளை ஒலிப்பதிவு செய்து ஆராய்ந்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுப் பதிலுக்காகக் காத்திருந்தது சராசரியாக ஒரு விநாடி அளவுதான் என்று கண்டார். அதை மூன்று விநாடிக்கு நீட்டியதும் பிள்ளைகள் நீளமாகப் பதில் சொன்னார்கள், பதிலே சொல்லாமல் விடுவது குறைந்தது, வாய் திறக்காத பிள்ளைகளும் பேச ஆரம்பித்தார்கள். வெறும் மூன்று விநாடி. ஆனால் வகுப்பின் முன்னால் நின்று பார்த்தால் அது மூன்று நிமிடம் மாதிரி இருக்கும். நான் முதுகுக்குப் பின்னால் கையை வைத்துக்கொண்டு பெருவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டு எண்ணுவேன். நாலாவது விரல் வரும் வரைக்கும் பேச மாட்டேன்.

இன்னொன்று, யார் பதில் சொல்ல வேண்டும் என்கிற பெயரைக் கடைசியில் சொல்லுங்கள். "முருகன், இதுக்கு என்ன வரும்?" என்று ஆரம்பித்தால் முருகனைத் தவிர மற்ற எல்லாரும் அந்த நொடியே நிம்மதியாகிவிடுவார்கள். கேள்வியை முதலில் போட்டு, விரல்களை எண்ணி, அப்புறம் பெயரைச் சொன்னால் அதுவரைக்கும் எல்லார் மண்டையிலும் அந்தக் கணக்கு ஓடும். அந்தப் பெயரை இடது பக்கம் கடைசி இரண்டு பெஞ்சிலிருந்து எடுத்தால் அந்தக் குறையும் சேர்ந்து தீர்ந்துவிடும்.

"புரிஞ்சுதா?" என்று கேட்பதை அடியோடு விட்டுவிடுங்கள். உங்கள் 31-ல் அது எத்தனை இருந்தது என்று தெரியவில்லை, ஆனால் நிச்சயம் இருந்திருக்கும். "புரிஞ்சது டீச்சர்" என்று ராகத்தோடு வருகிற பதில், பெல் அடிக்கப் போகிறது என்கிற சந்தோஷத்தில் வருவது. அதற்குப் பதிலாக ஒரே ஒரு கணக்கைப் போர்டில் எழுதிவிட்டு, சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டு, பெஞ்சுகளுக்கு நடுவில் நடங்கள். அஞ்சு நோட்டைப் பாருங்கள். உங்கள் பாடம் எப்படி இருந்தது என்பது அந்த அஞ்சு நோட்டில் இருக்கும், கைடு டீச்சரின் தாளைவிடத் தெளிவாக இருக்கும்.

இங்கேதான் உங்கள் கடிதத்தில் எனக்கு நம்பிக்கை கொடுத்த அந்த வரி வருகிறது. இல்லம் தேடிக் கல்வியில் இரண்டு வருடம் இருந்தேன் என்கிறீர்கள். அந்தத் தெருவில் எப்படி உட்கார்ந்திருந்தீர்கள் என்று யோசித்துப் பாருங்கள். பாய் விரித்து, பிள்ளைகள் சுற்றி உட்கார்ந்து, அவர்கள் நோட்டு உங்கள் மடிக்குப் பக்கத்தில் இருந்திருக்கும். ஒருவன் தப்பாக எழுத ஆரம்பித்தாலே உங்கள் கண்ணில் பட்டிருக்கும், "ஏன்டா இப்படிப் போட்ட?" என்று கேட்டிருப்பீர்கள், அவன் சொல்லி முடிக்கும் வரைக்கும் கேட்டும் இருப்பீர்கள், ஏனென்றால் பின்னால் யாரும் உட்கார்ந்து மார்க் போடவில்லை. காத்திருக்க உங்களுக்கு ஏற்கெனவே தெரியும். பள்ளிக்கூடத்துக்கு வந்ததும் ஒரு போர்டும் மேடையும் பார்க்கிற கண்களும் வந்து அதைக் கொஞ்ச நாளைக்கு மறக்க வைத்துவிட்டன. பாயில் உட்கார்ந்து செய்ததை நின்றுகொண்டு செய்யப் பழக வேண்டும், இன்னும் சில வாரங்களில் பழகிவிடும்.

பாடத்தைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், கணக்கு வாத்தியாரால் அதைச் சொல்லாமல் இருக்க முடியாது. நீங்கள் நேராக மீ.சி.ம.வில் (மீச்சிறு பொது மடங்கு) ஆரம்பித்திருப்பீர்கள் என்று நினைக்கிறேன், நிறையப் பேர் அப்படித்தான் ஆரம்பிக்கிறார்கள். ஆறாம் வகுப்புப் பிள்ளைக்கு இரண்டில் ஒன்றையும் நாலில் ஒன்றையும் கூட்டச் சொன்னால் மேலே மேலே, கீழே கீழே கூட்டி ஆறில் இரண்டு என்று எழுதுவான். ஆனால் அதே பையனிடம் "அரை லிட்டர் பாலும் கால் லிட்டர் பாலும் ஒரே தூக்குவாளியில ஊத்தினா எவ்வளவு?" என்று கேளுங்கள், யோசிக்காமல் முக்கால் லிட்டர் என்பான். நம் மொழியிலேயே அரை, கால், முக்கால் என்று பின்னம் கலந்திருக்கிறது, எட்டில் ஒன்றுக்கு அரைக்கால், பதினாறில் ஒன்றுக்கு வீசம் என்று நம் தாத்தா பாட்டி வாயில் சாதாரணமாக வந்தது. பால் வாங்கப் போகிற அந்தப் பிள்ளைக்குப் பதில் தெரியும், போர்டில் எழுதுகிற பிள்ளைக்குத்தான் தெரியவில்லை, இரண்டு பேரும் ஒரே ஆள். இரண்டு பதிலையும் போர்டில் பக்கத்தில் பக்கத்தில் எழுதிவிட்டு, "ஆறுல ரெண்டுன்னா மூணுல ஒண்ணு, அது அரையைவிடக் கம்மியாச்சே, அரை லிட்டர்ல இன்னும் ஊத்தின பிறகு எப்படிக் குறைஞ்சுச்சு?" என்று கேட்டுவிட்டு விரல்களை எண்ணுங்கள். அந்த அமைதி வேறு மாதிரி இருக்கும்.

அதற்கப்புறம் ஒரே நீளத்தில் இரண்டு காகிதப் பட்டை. ஒன்றை இரண்டாக மடி, இன்னொன்றை மூன்றாக மடி. பாதியையும் மூன்றில் ஒன்றையும் சேர்த்து வைத்தால் மொத்தம் எத்தனை என்று எதை வைத்து அளப்பது? பிள்ளைகளே தடுமாறி, இரண்டுக்கும் பொதுவாக ஒரு சின்னத் துண்டு வேண்டும் என்று கண்டுபிடிப்பார்கள். பட்டையை ஆறாக மடித்தால் பாதியில் மூன்று, மூன்றில் ஒன்றில் இரண்டு, ஆக ஆறில் ஐந்து. மீ.சி.ம. என்ற வார்த்தையை அதற்குப் பிறகு சொன்னால் போதும். சார்ட்டே தேவைப்படாது.

கடைசியாக, 'மறுபடி யோசித்து எடுக்கவும்' என்ற அந்த வரியைத் தண்டனையாக எடுத்துக்கொள்ளாதீர்கள். முதல் வருடத்தில் மைக்ரோ டீச்சிங், அதாவது சில நிமிடப் பாடம் எடுத்துப் பழகுவது, செய்திருப்பீர்கள். 1963-ல் ஸ்டான்ஃபோர்டில் டுவைட் ஆலனும் அவரோடு இருந்தவர்களும் ஆரம்பித்தது அது. நம் நாட்டில் வழக்கத்தில் இருக்கிற 36 நிமிடச் சுற்றை நினைத்துப் பாருங்கள்: ஆறு நிமிடம் பாடம், ஆறு நிமிடம் பின்னூட்டம், 12 நிமிடம் மறுபடி திட்டமிடல், ஆறு நிமிடம் மறுபடி அதே பாடம், ஆறு நிமிடம் மறுபடி பின்னூட்டம். அதிகமான நேரம் மறுபடி யோசிப்பதற்குத்தான் ஒதுக்கியிருக்கிறார்கள். பாடத்தைவிட இரண்டு மடங்கு. கல்லூரியில் நாம் அதை ரெக்கார்டு எழுதுவதற்காகச் செய்து முடித்துவிடுகிறோம், அதில் இருக்கிற அர்த்தம் இந்த மாதிரி ஒரு நாளில்தான் உறைக்கிறது. உங்கள் கைடிடம் போய், "மேடம், இதே பாடத்தை பி செக்‌ஷனுக்கு எடுக்கலாமா, ஒரே ஒரு விஷயத்தை மட்டும் மாத்திப் பார்க்கிறேன், அதை மட்டும் கவனிச்சுச் சொல்லுங்க" என்று கேளுங்கள். காத்திருப்பதை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். போர்டு, குரல், ஆர்வமூட்டல் எல்லாம் அடுத்தடுத்த வாரம் பார்த்துக்கொள்ளலாம். 24 என்பது 15 ஆனாலே எனக்கு ஒரு கடிதம் போடுங்கள்.

கேள்வி: எங்கள் பள்ளிக்குப் பயிற்சிக்கு வருகிற பிள்ளைகளுக்கு நான் வழிகாட்டி ஆசிரியை. குறை சொன்னால் முகம் வாடிவிடுகிறது, போன தடவை ஒரு பெண் மறுநாள் வரவே இல்லை. சொல்லாமல் விட்டால் மனசாட்சி உறுத்துகிறது. எப்படிச் சொல்வது?
– ஓர் ஆசிரியை, மேலூர்

பதில்: மேலே திருமங்கலத்துப் பெண்ணின் கடிதத்தைப் படித்திருப்பீர்கள். அவருடைய கைடு செய்ததில் பாதிக்கு மேல் சரி என்பேன்: எண்ணியிருக்கிறார், பிள்ளைகள் முன்னால் சொல்லவில்லை, அன்றைக்கே சொல்லியிருக்கிறார். ஆனால் இரண்டு பக்கத்தை மொத்தமாகக் கையில் கொடுத்தது அதிகம். இருபத்திரண்டு, இருபத்துமூன்று வயதுப் பிள்ளை, முந்தின ராத்திரி தூங்காமல் வந்தவள், அவளால் ஒரே நேரத்தில் பத்துக் குறையை வாங்கிக்கொள்ள முடியாது. 2014-ல் வந்த என்.சி.டி.இ. (தேசிய ஆசிரியர் கல்விக் குழுமம்) விதிமுறைகளுக்குப் பிறகு பி.எட். இரண்டு வருடம் ஆகிவிட்டது, பள்ளி அனுபவம் மொத்தம் 20 வாரம், அதில் 16 வாரம் இரண்டாம் வருடத்தில். அவ்வளவு நாள் கையில் இருக்கும்போது முதல் பாடத்திலேயே எல்லாவற்றையும் சொல்லித் தீர்க்க வேண்டியதில்லை.

நீங்கள் பேசுவதற்கு முன்னால் அவரைப் பேச விடுங்கள். "எப்படி இருந்துச்சு?" என்று கேட்டால் "நல்லா இல்ல மேடம்" என்று ஒரே வார்த்தையில் முடிந்துவிடும். அதனால், "எந்த இடத்துல பிள்ளைக விட்டுப்போனாங்கன்னு உங்களுக்குத் தோணுச்சு?" என்று கேளுங்கள். பத்தில் எட்டுப் பேர் சரியான இடத்தைத் தாங்களே சொல்லிவிடுவதை நான் பார்த்திருக்கிறேன். சொல்லிவிட்டால் உங்கள் வேலை பாதி முடிந்தது, அந்த இடத்தில் பிள்ளைகள் என்ன செய்தார்கள் என்று நீங்கள் பார்த்ததை மட்டும் சேர்த்துச் சொல்லுங்கள். மூன்றாவது வரிசையில் இரண்டு பேர் ஸ்கேலை வைத்து விளையாடினார்கள், அதற்குக் கொஞ்சம் முன்னால் நீங்கள் அஞ்சு நிமிடம் போர்டைப் பார்த்தே எழுதினீர்கள் என்கிற மாதிரி.

நல்லதைச் சொல்வதற்கும் இதே முறைதான். 'நன்று' என்று எழுதினால் அவருக்கு ஒன்றும் கிடைக்காது. "கடைசி பெஞ்சுல அந்தப் பையன் தப்பாச் சொன்னதும், சிரிக்காம, அதை அப்படியே போர்டில எழுதிட்டு ஏன்னு கேட்டீங்களே, அது அழகா இருந்துச்சு" என்று சொன்னால் அதை வாழ்நாள் முழுக்கச் செய்வார்.

உங்கள் வகுப்பில் அவரைக் கடைசி பெஞ்சில் உட்கார வைத்து, "நான் எத்தனை கேள்விக்கு நானே பதில் சொல்றேன்னு எண்ணுங்க" என்று சொல்லிவிட்டுப் பாடம் எடுத்துப் பாருங்கள். நான் ஒரு தடவை அப்படிச் செய்தபோது என் பயிற்சி ஆசிரியை தயங்கித் தயங்கி ஒரு எண்ணைச் சொன்னார். நான் நினைத்ததைவிட மூன்று மடங்கு அது. அன்றைக்கு நாங்கள் இரண்டு பேரும் டீ குடித்துக்கொண்டே அரை மணி நேரம் பேசினோம். அதற்கப்புறம் நான் எதைச் சொன்னாலும் அவர் முகம் வாடியதில்லை.

மறுநாள் வராமல் போன அந்தப் பெண்ணுக்கு ஒரு போன் செய்யுங்கள். தாமதமானாலும் பரவாயில்லை.

கேள்வி: என் மகன் படிக்கும் பள்ளியில் இரண்டு மாதமாக பி.எட். ட்ரெய்னிதான் பாடம் எடுக்கிறார். பழகாதவர்கள் பழகிக்கொள்ள என் பிள்ளை படிப்புதான் கிடைத்ததா?
– ஒரு தகப்பனார், வாடிப்பட்டி

பதில்: உங்கள் கவலை நியாயமானது, ஆனால் கேள்வியைக் கொஞ்சம் மாற்றிக் கேளுங்கள். ட்ரெய்னி பாடம் எடுக்கும்போது வகுப்பு ஆசிரியர் உள்ளே இருக்கிறாரா? அவர் கூடவே இருந்து கவனித்து, விட்டுப்போனதை மறுநாள் எடுத்துச் சொன்னால் உங்கள் மகனுக்கு லாபம்தான், ஒரு வகுப்புக்கு இரண்டு பெரியவர்கள் கிடைக்கிறார்கள். ட்ரெய்னி வந்தாயிற்று என்று வகுப்பை ஒப்படைத்துவிட்டு ஆசிரியர் வேறு வேலைக்குப் போய்விட்டால் அது உங்கள் மகனுக்கும் நஷ்டம், அந்த ட்ரெய்னிக்கும் நஷ்டம், தலைமை ஆசிரியரிடம் போய்ப் பேசுங்கள். பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் அதிகம், அங்கேயும் கேட்கலாம். அதற்கு முன்னால் சாயங்காலம் பையனிடம், "இன்னைக்கு அந்த டீச்சர் என்ன சொல்லிக்கொடுத்தாங்க, எனக்குச் சொல்லு" என்று கேட்டுப் பாருங்கள். அவன் உற்சாகமாகச் சொன்னால் கவலைப்பட ஒன்றுமில்லை.

கேள்வி: சீனியர் அக்காவின் ரெக்கார்டைப் பார்த்து லெசன் பிளான் எழுதுகிறேன். எல்லாரும் அப்படித்தான் எழுதுகிறார்கள். தப்பா?
– ஒரு மாணவி, உசிலம்பட்டி

பதில்: கட்டம் போடுவது, தலைப்புகள், நோக்கங்களை எழுதும் நடை, இதையெல்லாம் பார்த்து எழுதுவதில் எனக்கு வருத்தமில்லை. அந்த வடிவத்தைக் கண்டுபிடிப்பது உங்கள் வேலை இல்லை. பிரவுன் ஷீட் போட்டு, மார்ஜின் அடித்து அழகாக எழுதுகிறீர்கள், அதற்கும் மார்க் இருக்கிறது, எழுதுங்கள்.

ஆனால் அந்த அக்கா எழுதியது அந்த அக்காவின் வகுப்புக்கு. அந்த ரெக்கார்டில் 'மாணவரிடம் எதிர்பார்க்கும் விடை' என்ற கட்டத்தில் எப்போதும் சரியான விடையே இருக்கும், கவனித்திருக்கிறீர்களா? நிஜமான வகுப்பில் அது முதலில் வராது. அதனால் ரெக்கார்டு முடிந்ததும் தனியாக ஒரு தாள் எடுங்கள். இந்தப் பாடத்தில் என் பிள்ளைகள் செய்யப்போகிற தப்பு என்னென்ன, மூன்று எழுதுங்கள். ஒவ்வொரு தப்பும் வந்தால் நான் என்ன கேள்வி கேட்பேன், அதையும் எழுதுங்கள். பதில் எழுதாதீர்கள், கேள்வி மட்டும். தப்பு என்ன வரும் என்று தெரியாவிட்டால் முந்தின நாள் அந்த வகுப்புப் பிள்ளைகள் நாலு பேரின் பழைய நோட்டை வாங்கிப் புரட்டுங்கள், அல்லது பக்கத்து வீட்டில் அதே வகுப்பு படிக்கிற பிள்ளையைத் திண்ணையில் உட்கார வைத்து ஒரு கணக்கைக் கொடுத்துப் பாருங்கள். மதுரைக்கு வருகிற நாளில் நேரம் கிடைத்தால் நத்தம் ரோட்டில் 2023-ல் திறந்த கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்குப் போய், சிறுவர் பகுதியில் பிள்ளைகள் எப்படி ஒரு விஷயத்தைக் கேட்டுக் கேட்டுத் தெரிந்துகொள்கிறார்கள் என்று ஓரமாக நின்று கவனித்துவிட்டு வாருங்கள்.

அந்தத் தனித் தாளை இரண்டாக மடித்து லெசன் பிளானுக்குள் வைத்துக்கொண்டு வகுப்புக்குப் போங்கள். அதில் கைடு கையெழுத்து வேண்டியதில்லை.